பரட்டைத் தலையும் கிராப்புத் தலையும்: இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து ஒரு முடி வரலாறு



1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் நாட்டார் கூடி, ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன், பின்னாளில் இந்தியச் சாதி பற்றி எழுதிய நூலில் அந்தப் பட்டியலை எடுத்துத் தந்திருக்கிறார். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் போடக் கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. இவற்றை நம் கூட்டங்களில் பலமுறை சொல்லியிருக்கிறோம். நாம் அவ்வளவாக நின்று பார்க்காத இரண்டு அதே பட்டியலில் இருக்கின்றன. நான்காவது தடை: ஆதிதிராவிட ஆண் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. ஏழாவது தடை: ஆதிதிராவிடப் பெண் பூச்சூடக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது.

ஆக, தலைமுடியின் மேல் சாதி இரண்டு கைகளை வைத்தது. ஒன்று ஆணின் தலையில், மற்றொன்று பெண்ணின் கூந்தலில். நினைவுப் பேருரைக்கு முடி ஒரு பொருளா என்று அழைப்பிதழைப் பார்த்துவிட்டுச் சிலர் கேட்டார்களாம். நாட்டார் கூட்டம் போட்டுப் பேசிய பொருளை நாம் பேசாமல் விட்டது எப்படி என்பதுதான் என் கேள்வி.

கிராப்பு ஏன் அவர்களை அவ்வளவு உறுத்தியது? அன்று ஊரில் முடிவெட்டுவது காசு கொடுத்து வாங்கும் வேலை அல்ல. ஊர்க் குடிமகனுக்கு அறுவடையில் நெல் அளந்து கொடுப்பார்கள். அவர் யார் வீட்டுக்குப் போக வேண்டும், யார் தலையைத் தொடக் கூடாது என்பதை ஊர் தீர்மானித்தது. அந்தத் தொழிலைச் செய்த மக்களையும் அதே ஊர் இழிவுபடுத்தி வைத்திருந்தது. அதை மறந்துவிட்டு அவர்கள்மேல் கோபப்படுவதில் பொருளில்லை. சேரியில் நம்மவர் ஒருவரே நம்மவருக்கு வெட்டிவிட்டார், அல்லது முடி அப்படியே வளர்ந்தது. எண்ணெய் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. ஊர்க் கிணறு நமக்கில்லை என்னும்போது தலை முழுகத் தண்ணீர் எங்கிருந்து வரும்? எண்ணெயும் தண்ணீரும் சீப்பும் கிடைக்காத தலை வெயிலில் காய்ந்து சிக்குப் பிடிக்கும். அதற்குத்தான் 'பரட்டை' என்று பெயர் வைத்தார்கள். பிறகு அது அந்த மக்களின் இயல்பே என்று பேசினார்கள். எண்ணெயை மறுத்துவிட்டு எண்ணெய் வைக்காதவன் என்று ஏசுவது சாதிக்குக் கைவந்த கலை.

இந்தக் கதையில் மண்டபத்துக்கு ஓர் இடம் உண்டு. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளரைத் தடுத்து நிறுத்திச் சோதிக்க, இந்திய மண்ணில் இலங்கை அரசே நடத்திய முகாம் மண்டபம் முகாம். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த ஆட்கள் அங்கே சில நாள் அடைத்து வைக்கப்பட்டார்கள். அம்மை குத்தப்பட்டது, உடம்பு சோதிக்கப்பட்டது, கட்டியிருந்த துணி கிருமி நீக்கத்துக்குப் போனது. அவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

போனவர்கள் எல்லாரும் அங்கேயே தங்கிவிடவில்லை. வந்துபோகிற வழியாகவும் இது இருந்தது. இலங்கை, பர்மா, மலேயா என்று போய்த் திரும்பியவனை ஊர் எல்லையில் வைத்துப் பாருங்கள். உடம்பில் சட்டை அல்லது பழைய கோட்டு. கையில் குடை, காலில் செருப்பு. பெட்டியில் பித்தளைச் செம்பு. தலையில் கிராப்பு. இப்போது 1930 பட்டியலை மறுபடி படித்தால், அது கடல் கடந்து வந்தவனின் மூட்டையைப் பிரித்துப் போட்டு எழுதிய பட்டியல் போலத் தெரிகிறது. இது என் வாசிப்பு. ஹட்டன் அப்படிச் சொல்லவில்லை. பட்டாளத்துக்குப் போனவனும் இதே கோலத்தில்தான் திரும்பினான். அங்கே முடியைக் குறைத்து வெட்டுவது விதி. கிராப்பு வைத்த தலை, ஊர் அளந்து கொடுத்த நெல்லுக்குக் கட்டுப்படாத யாரோ ஒருவர் வெட்டிய தலை. அந்த முடிதிருத்துபவர் கொழும்பிலோ ரங்கூனிலோ காசு வாங்கிக்கொண்டு, சாதி கேட்காமல் வெட்டியிருக்கிறார். நாட்டாரை உறுத்தியது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டுத் தடைகளுக்கு மக்கள் பணியவில்லை. குடிசைகள் எரிந்தன, கால்நடைகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் மீண்டும் கூடிப் பதினொரு தடைகளைப் போட்டார்கள். ஆதிதிராவிடரோடு தேவேந்திரகுல வேளாளரின் பெயரும் இந்த முறை சேர்ந்தது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும், நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுக்கக் கூடாது, திருமணத்தில் மேளம் கூடாது என்று அது நீள்கிறது. அந்தப் பதினொன்றில் கிராப்பு இல்லை. ஆறு மாதத்தில் அது ஏன் விடுபட்டது என்று ஆவணம் சொல்லவில்லை. வெட்டிவிட்ட முடியை ஒட்டவைக்க எந்த நாட்டாருக்கும் வழியில்லை என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

இனி வேறொரு கை. இது படித்தவர்களின் கை.

எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். அவர் முதலில் இந்தக் கடற்கரைக்கு வந்தது மனிதர்களைப் பார்க்க அல்ல. இராமேசுவரத்தையும் அக்கம்பக்கத் தீவுகளையும் சார்ந்த கடல்வாழ் உயிர்கள் பற்றி 1887-இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. பிறகு மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்புப் பற்றி எழுதினார். மீனையும் சிப்பியையும் அளந்து பெயரிட்ட அதே கை, அடுத்த பத்தாண்டுகளில் அளவுகோலும் இடுக்கியுமாக மனிதரின் மூக்கையும் மண்டையையும் அளந்தது. 1909-இல் வெளிவந்த ஏழு தொகுதிகள் அதன் விளைச்சல். அவற்றில் முடியைப் பற்றிய குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. நேர்முடியா, அலைமுடியா, சுருள்முடியா, ஆப்பிரிக்கருடையது போன்ற கம்பளி முடியா? வயநாட்டுப் பணியரின் சுருள்முடியைப் பார்த்த காப்பித் தோட்டத் துரைமார் அவர்களை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்றே நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத் தர்ஸ்டன் குறித்து வைத்திருக்கிறார். 1920களின் இறுதியில் பி. எஸ். குகா, கொச்சிக் காட்டுக் காடர்களிடையே திருகுசுருள் முடி கண்டதைக் கொண்டு, இந்தியாவில் 'நீக்ரிட்டோ' இனக் கூறு உண்டு என்று வாதிட்டார். ஒரு கற்றை முடி ஒரு மக்களின் பிறப்புச் சான்றிதழ் ஆயிற்று.

இதே காலத்தில் உலகெங்கும் இந்த அளவெடுப்பு நடந்தது. ஜெர்மானியர் ஓய்கன் ஃபிஷர் முடியின் நிறத்தை ஒப்பிட ஒரு மாதிரிப் பலகையே செய்தார். 1908-இல் இன்றைய நமீபியாவுக்குப் போய், வெள்ளையருக்கும் ஆப்பிரிக்கருக்கும் பிறந்த ரெஹோபோத் மக்களின் தலையையும் கண்ணையும் முடியையும் ஆராய்ந்தார். கலப்பைத் தடுக்க வேண்டும் என்ற நாஜிகளின் இனக் கொள்கைக்கு அந்த 'அறிவியல்' உரமிட்டது. தென்னாப்பிரிக்காவில் 1950-இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒருவர் எந்த இனம் என்று ஐயம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். பென்சில் நழுவி விழுந்தால் வெள்ளையர், சிக்கி நின்றால் இல்லை. சாண்ட்ரா லெய்ங் என்ற சிறுமி வெள்ளையராகப் பதிவான பெற்றோருக்குப் பிறந்தவள். தோலும் சுருள்முடியும் காரணமாக 1966-இல் பத்து வயதில் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டாள். 1860-இல் 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து போய் டர்பனில் இறங்கியவர்களின் வழிவந்த தமிழர்கள் அந்தச் சட்டத்தின் கீழேதான் 1991 வரை வாழ்ந்தார்கள். அதை நம்மிடம் யாரும் பாடமாகச் சொன்னதில்லை.

நம் தரப்பில் இதற்கு விடை சொன்னவர் பாபாசாகேப். தீண்டப்படாதார் யார் என்று ஆராய்ந்து 1948-இல் அவர் வெளியிட்ட நூலில், மானிடவியலாளரின் மூக்களவு எண்களையே எடுத்துவைத்து, ஒரே மாகாணத்தின் பிராமணருக்கும் தீண்டப்படாதாருக்கும் இன வேறுபாடு இல்லை என்று காட்டினார். அளந்தவரின் கோலைப் பிடுங்கி அளந்தவரையே அடித்தது போன்ற வேலை அது. தீண்டாமைக்கு இனம் காரணமில்லை, அதற்கு வேறு வரலாறு உண்டு என்பது அவர் முடிவு.

ஆனால் நம் இயக்கத்துக்குள்ளேயே வேறொரு குரலும் எழுந்தது. 1980களில் பெங்களூரு 'தலித் வாய்ஸ்' இதழின் வி. டி. ராஜசேகர் தலித்துகளை இந்தியாவின் கறுப்பின மக்களாகவே முன்வைத்தார். அமெரிக்கக் கறுப்பரோடு தோழமை கொள்ள வேண்டும் என்ற விழைவு அதற்குள் இருந்தது. அந்த விழைவை மதிக்கிறேன். இன்றும் சுருள்முடி கொண்ட தோழர்கள் சிலர் "என் முடியைப் பாருங்கள், நான் ஆப்பிரிக்கன்" என்று பெருமையோடு சொல்வதைக் கேட்கிறேன். பரட்டை என்று ஏசப்பட்டவர் அந்த முடியைப் பெருமையாக வைத்துக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சியே. அதைச் சான்றாக வைக்கும்போதுதான் உடன்பட முடியவில்லை. அந்தச் சான்று தர்ஸ்டனின் பெட்டியிலிருந்து எடுத்தது. நேர்முடி உள்ள பறையர் இருக்கிறார், சுருண்ட முடியுள்ள பிராமணர் இருக்கிறார், ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்கும் தம்பிக்கும் முடி வேறு வேறாக இருக்கிறது. முடி முளைக்கும் குழி நேராக இருந்தால் முடி நேராக வரும், வளைந்திருந்தால் சுருளும். அதைப் பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. அதற்குச் சாதி தெரியாது. 1972-இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே. வி. பவாரும் ராஜா டாலேயும் தலித் பேந்தர்ஸைத் தொடங்கியபோது அமெரிக்கப் பேந்தர்களிடமிருந்து பெயரையும் சினத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முடிச் சோதனை எதுவும் தேவைப்படவில்லை.

கலந்து பிறந்தவர்களின் முடி என்ன ஆயிற்று என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதற்குப் பாக் நீரிணையைக் கடந்தாலே போதும். இலங்கையின் புத்தளம் அருகே சிறாம்பியடியில் காப்பிரியர் வாழ்கிறார்கள். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவந்த ஆப்பிரிக்கரின் வழிவந்தவர்கள். பல தலைமுறைகளாகச் சிங்களரோடும் தமிழரோடும் மணம் கலந்துவிட்டதால், ஒரே வீட்டில் நெருக்கமாய்ச் சுருண்ட முடியும் அலைமுடியும் நேர்முடியும் உண்டு. அவர்களைக் காப்பிரியர் ஆக்குவது இன்று முடி அல்ல; 'மஞ்சா' என்ற அவர்களுடைய பாட்டும் ஆட்டமும், அதில் மிஞ்சியிருக்கும் போர்த்துக்கீசியக் கலப்பு மொழியும்தான். மன்னார்த் தீவில் ஆப்பிரிக்கப் பெருக்க மரங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு வேலி கட்டிப் பெயர்ப்பலகை வைத்துப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். 'காப்பிலி' என்ற சொல்லோ நம் பேச்சில் இன்னும் வசவாகத்தான் கிடக்கிறது.

இன்னும் தொலைவு போனால் கரீபியன் தீவுகள். 1853-இல் மார்த்தினிக்கிலும் 1854-இல் குவாதலூப்பிலும் பிரெஞ்சுக்காரரின் 'ஒரேலி' கப்பல் இந்தியக் கூலிகளை முதன்முதலாக இறக்கியது. புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போன தமிழர் அந்தத் தீவுகளில் மிகுதி. ஆப்பிரிக்கருக்கும் இவர்களுக்கும் பிறந்த பிள்ளையை மார்த்தினிக்கில் 'தப்பித்த கூலி' என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். டிரினிடாடில் அந்தப் பிள்ளைக்கு 'டக்ளா' என்று பெயர். அது போஜ்புரியில் சாதி கலந்து பிறந்தவரை இழிக்கும் சொல். கப்பலில் சாதி கரைந்துபோனது என்பார்கள். வசவு மட்டும் கரையாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஜமைக்கா. அங்கே 'கூலி முடி' என்பது பாராட்டு. அலையலையாய் நீண்டு விழும் இந்திய வழி முடியைக் கறுப்பினப் பெண்கள் ஏக்கத்தோடு பார்த்தார்கள். அது 'நல்ல முடி' எனப்பட்டது. நினைத்துப் பாருங்கள். இங்கே சேரியில் பரட்டை என்று ஏசப்பட்ட தலை கடல் கடந்து கரை இறங்கியதும் நல்ல முடி ஆகிவிடுகிறது. கப்பலில் முடி மாறவில்லை. அந்தத் தீவில் அடிமையாய் இருந்தவரின் முடி அதற்குக் கீழே வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். நம் முன்னோருக்குக் கிடைத்த அந்தப் பாராட்டின் விலையை இன்னொருவர் கொடுத்தார். இப்போதும் கொடுக்கிறார்கள். கோயில்களில் மழித்த நம் பெண்களின் முடி ஏலம் போய், கப்பலேறி, சவுரியாகவும் டோப்பாவாகவும் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் கறுப்பினப் பெண்களிடம் விற்கப்படுகிறது. மழித்த தலைக்குச் சொந்தக்காரிக்கு அதில் ஒரு காசும் வருவதில்லை.

ஏழாவது தடைக்கு வருகிறேன். 1786-இல் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் மிரோ, விடுதலை பெற்ற கறுப்பின, கலப்பினப் பெண்கள் தலைமுடியை அலங்கரிக்கக் கூடாது, துணியால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்கள் கட்டினார்கள். வண்ணத் துணியில், உயரமாக, நகை செருகிக் கட்டினார்கள். ஒடுக்கப் போட்ட துணியே அலங்காரம் ஆயிற்று. நம் பெண்கள் பூத்தடையை எப்படி மீறினார்கள் என்று எழுதி வைத்த ஆவணம் என் கண்ணில் படவில்லை. தடையை எழுதியவர்கள் மீறலை எழுதுவார்களா?

இப்போது, மாணவிகளே, உங்களிடம். வேலை நேர்காணலுக்கு முன்னால் அழகு நிலையத்துக்குப் போய் முடியை நேராக்கிக்கொள்ளும் பெண்களை அறிவேன். சுருள்முடியோடு போனால் "தலையைச் சீவிக்கொண்டு வரவில்லையா" என்று கேட்கிறார்களாம். உங்கள் முடி, உங்கள் விருப்பம். அதில் கட்சிக் கட்டளை எதுவும் கிடையாது. இரண்டு செய்திகள் மட்டும் சொல்கிறேன். கெரட்டின் என்று சொல்லிப் போடும் நேராக்கும் பூச்சுகள் பலவற்றில் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு வெளியாகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என உலக அளவில் வகைப்படுத்தப்பட்ட பொருள். பூசிக்கொள்பவர் ஒரு நாள் மூச்சிழுக்கிறார். பூசிவிடும் பெண் தினமும் இழுக்கிறார். அந்தத் தொழிலாளர் பக்கமும் நாம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, சுருள்முடி அடங்காத முடி அல்ல, காய்ந்துபோகிற முடி. தலையில் ஊறும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கி நுனிவரை போகும், வளைவுகளில் போகாது. அதனால்தான் உச்சியில் எண்ணெயும் நுனியில் சணலுமாக இருக்கிறது. காய்ந்த தலையில் நெருக்கமான சீப்பைப் போட்டு இழுத்தால் சுருள் பிரிந்து பறக்கும். அதையே பரட்டை என்கிறார்கள். ஈரமாக இருக்கும்போதே விரலாலோ அகலப் பல் மரச்சீப்பாலோ நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். எண்ணெயை நீளத்துக்குத் தடவுங்கள். செம்பருத்தி இலை அரைத்த வழுவழுப்பும் ஊறவைத்த வெந்தயமும் கடையில் விற்கும் எந்தக் குழம்புக்கும் குறைந்தவை அல்ல. துண்டால் தேய்க்காமல் பழைய பருத்தி வேட்டியால் ஒற்றி எடுங்கள். மண்டபம் பக்கத்து உப்புத் தண்ணீரில் குளிப்பவர்கள், கடைசி ஒரு சொம்பாவது நல்ல தண்ணீர் ஊற்ற முடிந்தால் ஊற்றுங்கள். அந்த ஒரு சொம்பு எல்லார் வீட்டிலும் கிடைக்காது என்பதும் இந்த வரலாற்றில் சேர்ந்ததே.

இதைச் சொல்லும்போது பாம்பன், மண்டபம் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். தலையைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உப்புநீரில் முங்கி எடுக்கிறார்கள். கடற்பாசியிலிருந்து பிரிக்கும் கூழ்ப்பொருள்கள் பற்பசை, ஷாம்பு போன்றவற்றைக் கெட்டிப்படுத்தப் பயன்படுகின்றன. உப்பில் காய்ந்த தலையோடு பாசி எடுத்தவரின் உழைப்பு, யாரோ ஒருவரின் முடியை மென்மையாக்கும் புட்டிக்குள் போய் அமர்ந்திருக்கலாம்.

ஒரு வேலை இருக்கிறது. 1964 அக்டோபர் ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. திரும்பியவர்களில் பலர் முதலில் கால் வைத்தது மண்டபம் முகாமில். 1983-க்குப் பின் போரிலிருந்து தப்பி வந்தவர்களும் அங்கேயே. அந்த மூதாட்டிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நாம் அவர்களிடம் கப்பலைப் பற்றிக் கேட்டிருக்கிறோம், துரையைப் பற்றி, கங்காணியைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். அடுத்த முறை போகும்போது கேளுங்கள்: லயத்தில் தலைக்கு என்ன எண்ணெய் வைத்தீர்கள், யார் சிக்கெடுத்துவிட்டார்கள்? அப்பாவுக்கு முடி வெட்டியவர் யார், எங்கே உட்காரவைத்து வெட்டினார்? ஊருக்கு வந்த பிறகு முதன்முதலாகப் பூ வைத்துக்கொண்டு தெருவில் நடந்தது எந்த நாள், என்ன பூ, யார் பார்த்தார்கள்? அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதி எடுத்து வாருங்கள்.